கச்சான் அடித்த நாளில் துறைமுகத்துக்கு

எங்கள் தெருவில் முதன்முதலில் விமானத்தில் ஏறியவள் நான்தான். அதைச் சொல்லி யாராவது வாயைப் பிளந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆசைப்பட்டா ஏறினேன்? ரயிலை நம்பினால் நேரத்துக்குப் போக முடியாது என்று ஏறினேன். ஏறியும் ஒரு பிரயோசனமும் இல்லை.

எழுபதுகளில் நடந்தது. அப்போது நான் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் கணவருக்கு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில், இயந்திர அறையில் வேலை. நான் உண்டாகியிருந்தபோது கப்பலேறியவர் அதன் பிறகு ஊருக்கு வரவே இல்லை. தூத்துக்குடியில் மாமனார் வீட்டில் பெண் பிள்ளை பிறந்தது. தலை கொள்ளாத முடி. ஏழாம் மாதத்தில் காய்ச்சல் கண்டது, ஒரு வாரம் தாங்கவில்லை. ஊரான் பிள்ளைக்கெல்லாம் ஊசி போட்ட கை இது, பெற்ற பிள்ளைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் அவள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அவருக்கு நாங்கள் சொல்லவும் இல்லை. கப்பலுக்கு ஆள் அனுப்புகிற எங்கள் கடற்கரை வீடுகளில் அது கட்டுப்பாடு. கப்பலில் இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தி அனுப்பக் கூடாது. ஓடி வர வழியில்லை, கட்டிப்பிடித்து அழ ஆளில்லை, ராத்திரி தனியாகத் தளத்தில் நிற்பான், என்ன செய்வானோ என்று பயம். அவன் கரைக்கு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் சொல்ல வேண்டும். பெற்ற தாய் செத்ததை ஒரு வருஷம் கழித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

மாமா இதில் இரும்பு மாதிரி நின்றார். மாமா என்றால் என் மாமனார். மனைவியை இழந்தவர், அவருக்கு ஒரே மகன். மகனுக்குக் கடிதம் எழுதுவது அவர்தான். அந்தக் கடிதங்களில் என் பிள்ளை உயிரோடு இருந்தாள். பல் முளைத்தது. தவழ்ந்தாள். பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் அதில் ஒன்றை வாசித்துவிட்டு, “நீங்க மனுசனா மாமா?” என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்.

“அவன் கரைக்கி வாற வரைக்கும் பொறுளா. வந்தப் பொறவு சொல்லிக்கிடலாம்,” என்றார்.

நான் சென்னை வேலைக்குத் திரும்பிவிட்டேன். கணவருக்கு எழுதுவதையும் விட்டுவிட்டேன். பொய் எழுத என்னால் முடியாது, உண்மையை எழுத விட மாட்டார்கள், பிறகு என்னத்தை எழுத?

அப்படி இருக்கும்போதுதான் மாமாவிடமிருந்து தந்தி வந்தது. கப்பல் வியாழக்கிழமை தூத்துக்குடிக்கு வருகிறது. கொஞ்சம் இயந்திரச் சாமான் இறக்கிவிட்டுக் கொழும்புக்குப் போய்விடும். கரையில் இறங்கி வீட்டுக்கு வர என் கணவருக்கு அனுமதி கிடையாது, நாங்கள்தான் துறைமுகத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி மாமாவுக்கு எழுதியிருந்தாராம்.

தந்தியைக் கையில் வைத்துக்கொண்டே முடிவு செய்துவிட்டேன். நான்தான் சொல்லப்போகிறேன். நேருக்கு நேர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. வேறு எவனாவது துறைமுகத்தில் வாய்தவறி உளறுவதற்கு முன்னால் நான் போய் நிற்க வேண்டும். மேட்ரன் அம்மாவுக்கு என் கதை தெரியும். அவரே ஆளை அனுப்பி விமான டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தார். அந்தக் காலத்தில் தூத்துக்குடிக்கு ஏது விமானம்? மதுரை வரைக்கும்தான். அங்கிருந்து எல்லாரையும் போல பஸ்ஸில்தான் போயாக வேண்டும்.

விமானத்துக்குள் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்கு ஒன்றும் நினைவில்லை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். “ஏங்க, பிள்ளை...” என்பதற்கு மேல் ஒரு தடவைகூடப் போகவில்லை.

மதுரையில் இறங்கினால் வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு மாமா நிற்கிறார். விமானத்தில் வருகிறேன் என்று நான் அடித்த தந்தியைப் பார்த்து முந்தின நாளே புறப்பட்டு வந்திருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நீங்க ஏன் இங்க வந்திய? அங்க கப்பல் வந்துருக்குமே!”

“பொம்பளப் பிள்ள ஒத்தையில வாறேன்னு வந்தேன். நான் அங்கன மொதல்ல போயி நின்னா எம் மூஞ்சியப் பாத்தே அவன் கண்டுபிடிச்சிருவாம்ளா,” என்றார். அவர் கண்ணும் நேராக என்னைப் பார்க்கவில்லை. அத்தனை நாளும் பொய் எழுதிய மனுஷன் மகன் முகத்துக்குப் பயந்து மதுரைக்கு ஓடி வந்திருக்கிறார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றும் இருந்தது.

விமானக் கம்பெனி வண்டி பயணிகளை மதுரை ஊருக்குள் கொண்டுபோய் விடும். பஸ் நிலையத்தில் ஏறினால் உட்கார்ந்துகொண்டு போகலாம் என்றேன். மாமா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “தூத்துக்குடி பஸ்ஸு இந்தப் பெருங்குடி விலக்கு வழியாத்தான வரணும்? அங்கன போயி, திரும்ப இதே ரோட்டுல வாறதுக்கா?” என்று வண்டிக்காரரிடம் கெஞ்சி, சாலை பிரிகிற அந்த விலக்கிலேயே இறங்கிவிட்டார். கணக்கெல்லாம் சரிதான். ஆனால் மதுரையிலிருந்து வருகிற பஸ் எல்லாம் படிக்கட்டு வரைக்கும் ஆளோடு வந்தது. மாமா துண்டை எடுத்து வீசுவார், டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு பஸ் போயிற்று. இன்னொன்று போயிற்று. தூத்துக்குடி என்று நெற்றியில் எழுதிய பஸ் ஒன்று எங்கள் முகத்தில் புழுதியை இறைத்துவிட்டு நிற்காமல் போனபோது நான் நடுரோட்டுக்கே போய்விட்டேன்.

“எளவெடுத்தவனே, நிறுத்துடா!”

நர்ஸ் வாயில் வரக்கூடிய வார்த்தையா என்றால், வந்துவிட்டது. அருப்புக்கோட்டை வரைக்கும் போகிற ஒரு பஸ் கடைசியில் நின்றது. கண்டக்டர் எங்களை மூட்டைகளுக்கு நடுவில் மூட்டையாக நெருக்கி அடைத்தார். “உள்ள போம்மா, உள்ள எடம் கெடக்கு,” என்றார். எங்கே கிடந்ததோ அந்த இடம்? நான் ஒற்றைக் காலில் அருப்புக்கோட்டை போனேன்.

அருப்புக்கோட்டையில் தூத்துக்குடி பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீக்கடையில் சாவகாசமாக வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். நான் போய் அவர் முன்னால் நின்றேன். “அண்ணே, என் வீட்டுக்காரர் கப்பல்ல வந்திருக்காரு. ரெண்டு வருசமா பார்க்கலை.” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாதி வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு எனக்கு நல்லது செய்தவர் அந்த ஒரு மனிதர்தான். பெயர்கூடக் கேட்கவில்லை.

எட்டயபுரம் தாண்டியதும் காற்று பிடித்தது. கச்சான். மேற்கேயிருந்து ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று. கரிசல் மண்ணை வாரி ஜன்னல் வழியாகப் பஸ்ஸுக்குள் கொட்டியது. ஆட்கள் துண்டையும் முந்தானையையும் மூக்கில் பொத்திக்கொண்டார்கள். மாமா மட்டும் முகத்தை வெளியே நீட்டினார். காலையிலிருந்து சுருங்கிக் கிடந்த முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

“ஏளா, பயப்படாத. இந்தக் காத்துக்கு அவன் எங்கயும் போக முடியாது.”

மாமா ஆயுசெல்லாம் தோணியில் தண்டலாக இருந்தவர். தோணியை நடத்துகிறவனுக்குத் தண்டல் என்று பேர். அந்தக் காலத்தில் தூத்துக்குடிக் கரைக்குப் பெரிய கப்பல் வராது. ஆழம் போதாது. தூரத்தில் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தான் போய்ச் சாமானை இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். கச்சான் ஓங்கி அடித்தால் போன தோணி காற்றை எதிர்த்துத் திரும்பி வர முடியாது. அதனால் எவனும் போக மாட்டான். கப்பல் காற்று தணிகிற வரைக்கும் சும்மா நிற்கும். கப்பல்காரன் எந்தத் தேதி சொன்னாலும் எங்கள் ஆட்கள் நம்ப மாட்டார்கள். வானத்தைப் பார்த்து, “நாளைக்கிக் கழிச்சி,” என்பார்கள். அப்படித்தான் நடக்கும். நானும் புன்னைக்காயல்காரி, தோணிக்காரன் மகள். காற்று தெரியாதவளா? பஸ் ஜன்னலில் அந்தப் புழுதியைப் பார்த்து எனக்கும் மனசு ஆறிவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, ஆறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கும் குலை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. காற்று ஒரு ராத்திரி தவணை கொடுத்தால் கசக்குமா?

தூத்துக்குடியில் இறங்கும்போது மத்தியானம். தெருவில் நடந்தால் சேலை காலைச் சுற்றி இழுத்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரும் பழைய தோணிக்காரர்.

“கப்பல் வந்துருக்காம்லா? இன்னைக்கி ஒரு பெட்டிகூட எறங்காது. நாளைக்கி விடியக்கால காத்து கொஞ்சம் அமரும், அப்பப் பாத்துக்கிடலாம். சாப்பிட்டுட்டு மெதுவாப் போங்க,” என்றார். எதிர்வீட்டிலிருந்தும் அதே பேச்சு. ஒரு தெருவே சேர்ந்து சத்தியம் பண்ணினால் யார்தான் நம்பாமல் இருப்பார்கள்?

சாப்பிட உட்கார்ந்தோம். மாமாதான் சொன்னார். “அவனைப் பாக்கதுக்கு முன்ன பிள்ளகிட்டப் போயி ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டுப் போவமா?”

எங்களில் அது வழக்கம். பயணம் போகும்போதும் வரும்போதும் இறந்தவர்களுக்குத் திரி கொளுத்துவோம். கல்லறைத் தோட்டத்தில் சுவரோரமாக அவளுடைய சின்ன மேடு. மரச்சிலுவை சாய்ந்திருந்தது. மாமா அதை நிமிர்த்தி மண்ணை மிதித்தார். நான் தீக்குச்சியைக் கிழித்தேன், அணைந்தது. திரும்பவும் கிழித்தேன், அணைந்தது. மாமா குனிந்து வேட்டியை விரித்துக் காற்றை மறைத்தார். திரி பற்றும், நாங்கள் கையெடுத்த அடுத்த நிமிஷம் போய்விடும். விட்டுவிட்டு வரலாம் என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. பெட்டியில் குச்சி தீருகிற வரைக்கும் அதே வேலையாக இருந்தோம். கடைசியில் பற்றாத திரியை மண்ணில் ஊன்றி வைத்துவிட்டு, ஒரு பரலோக மந்திரம் சொல்லி எழுந்தோம்.

“இந்தக் காத்துல ஒரு திரி நிக்க மாட்டேங்கு. கப்பல் எங்க போவும்?” என்றார் மாமா.

புதுத் துறைமுகம் ஊருக்குத் தெற்கே தள்ளி இருக்கிறது. அது திறந்து ரொம்ப நாள் ஆகவில்லை. மாமா அதுவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அது வந்த பிறகுதான் தோணி வேலை குறைந்தது என்று அதன்மேல் அவருக்கு அப்படி ஒரு கோபம். துறைமுகத்தில் ஆள் மாறுகிற நேரத்துக்குத்தான் டவுன் பஸ். அதற்குக் காத்துக் கிடந்து ஏறினோம். இரண்டு பக்கமும் உப்பளம், வெயிலில் கண் கூசியது. வழியெல்லாம் நான் “ஏங்க, பிள்ளை...” என்று சொல்லிப் பார்த்தேன். இந்தத் தடவை முழு வாக்கியமும் வந்துவிட்டது. அழாமல் சொல்லிவிடுவேன் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

துறைமுக வாசலில் ஒரு காவல்காரர். கப்பலின் பெயரைச் சொன்னேன்.

“அது பொறப்பட்டுட்டே. இப்பதான இழுத்து விட்டாவ,” என்றார்.

“இந்தக் காத்துலயா?” மாமாவின் குரல் கீச்சென்று வந்தது.

“காத்துக்கும் இதுக்கும் என்ன அண்ணாச்சி? ரெண்டு பக்கமும் கல்லுச்சுவர் கட்டி உள்ள தண்ணி கொளம் மாதிரி கெடக்கு. கப்பல் கரையோட ஒட்டி நின்னுச்சி. கிரேனை வச்சி மத்தியானத்துக்குள்ள எறக்கி முடிச்சிட்டாவளே.”

ஆயுசெல்லாம் மாமா படித்த படிப்பு அந்த வாசலில் ஒன்றுமில்லாமல் போயிற்று. எங்கள் தெருவில் ஒருத்தருக்காவது தோன்றவில்லை பாருங்கள், கப்பல் இப்போது கடலில் நிற்பதில்லை, கரையில் நிற்கிறது என்று! எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் காற்றைப் பார்த்த உடனே மறந்துபோனோம்.

காவல்காரர் என்னை உற்றுப் பார்த்தார். “ஒருத்தரு காலைல இருந்து இந்தக் கேட்டுக்கு வாரதும் போறதுமா இருந்தாரு. பிள்ளையோட ஒரு பொம்பள வரும்னாரு. நீங்கதானா அது? பிள்ளைய எங்க?”

“வீட்டுல இருக்கு,” என்றார் மாமா சட்டென்று.

“அடடா. அவரு போறப்ப எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. அவிய பிந்தி வந்தா, அந்தா தெக்க கல்லுச்சுவர் ஆரம்பிக்கில்லா, அங்கன போயி நிக்கச் சொல்லுங்க. பிள்ளையத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க. கப்பல்ல ஒரு ஆபீசர்ட்ட பைனாகுலர் வாங்கி வச்சிருக்கேன், வெளிய போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன்னாரு. ஓடுங்க, இன்னும் தாண்டலை.”

ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மணலில் செருப்பு எங்கேயோ கழன்றது. கல்லுச்சுவர் தொடங்கும் இடத்தில் போய் நின்றால், எதிரே சாம்பல் நிறக் கப்பல் மெதுவாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. பின்பக்கம் ஆட்கள் எறும்பு மாதிரித் தெரிந்தார்கள். அதில் எது அவர்? எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவருக்கு நான் தெரிவேன். அது அப்போதுதான் உறைத்தது.

பின்னாலேயே மூச்சு இரைக்க வந்த மாமா என் தோளைப் பிடித்து இழுத்தார். “ஏளா, வெறுங்கையோட நிக்காத! பாத்தாம்னா கண்டுக்கிடுவான்!”

“கண்டுக்கிடட்டும்! அதுக்குத்தான வந்தேன்!”

“கரையில வச்சிச் சொல்லதுன்னா சொல்லு, நான் வேண்டாங்கல. இப்பம் நடுக்கடலுக்குப் போறாம்ளா. ஒத்தையில போறான். எனக்கு ஒரே பிள்ளளா அவன்...”

அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. பேத்தியைக் குழியில் இறக்கியபோதுகூட அழாதவர், அந்த மணலில் சின்னப் பிள்ளை மாதிரி விம்மினார். அழுதுகொண்டே என் தோளில் தொங்கிய பையைப் பிடுங்கினார். தன் துண்டை உதறி அதைச் சுற்றினார். மேல்பக்கத்தில் தலை மாதிரி ஒரு முடிச்சு. என்னிடம் நீட்டினார்.

“தூக்கிக் காட்டு. மாதாவே, தூக்கிக் காட்டுளா.”

நான் மாட்டேன் என்றேன். கப்பல் நகர்ந்துகொண்டே இருந்தது. அவர் அங்கே கண்ணில் குழாயை வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு நிற்கிற என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். ஏன் பிள்ளையைக் கொண்டுவரவில்லை, என்ன ஆயிற்று, யாரைக் கேட்பது என்று அந்தக் கப்பலில் அவர் தவிப்பதை நினைத்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

வாங்கினேன். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது, விழுந்துவிடாமல் இறுக்கிப் பிடித்தேன். அந்தத் துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், திரும்பத் தூக்கினேன். உண்மையைச் சொல்ல சென்னையிலிருந்து விழுந்தடித்து வந்தவள், கப்பல் எதிரே இருக்கிற தீவைத் தாண்டி மறைகிற வரைக்கும் அந்தப் பொய்யைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன். அழுகையாக வந்தது. முகத்தைத் துடைக்கக் கை இல்லை.

கொழும்பிலிருந்து அவருடைய கடிதம் வந்தது. நான் லீவு முடிந்து கிளம்ப இருந்த நேரம். மாமா பிரித்து, வாசிக்காமல் என்னிடம் கொடுத்தார். பிள்ளையைப் பார்த்துவிட்டேன், நீ தூக்கிப் பிடித்ததைப் பார்த்து இங்கே எல்லாரிடமும் சொன்னேன், குழாயை மற்றவர்களுக்கும் கொடுத்துக் காட்டினேன் என்று எழுதியிருந்தார். கடைசியில், அவ்வளவு காற்றிலும் ஏன் அசையவே இல்லை, தூங்கிவிட்டாளா என்று கேட்டிருந்தார்.

மாமா பதில் எழுதத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. பிள்ளை செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, நீங்கள் பார்த்தது என் பை என்று எழுதி அன்றைக்கே தபாலில் போட்டேன்.

அந்தக் கப்பலுக்குப் பிறகு என் கணவர் வேறு கப்பல்களில் ஏறினார். அங்கே பார்த்தேன், இங்கே பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறார் என்று ஊருக்கு வருகிற கப்பல்காரர்கள் சொல்வார்கள். மாமாவின் சாவுக்கும் அவர் வரவில்லை. என் கடிதத்துக்குப் பதிலும் வரவில்லை.